கல்லா ஓரத்தில் வைக்க ஒரு குட்டி ஷோகேஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டி அத்தைக்கு ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே கவுன்டர் மேல் வைக்க நான் முதலில் செய்த பெட்டியில் ஒரு சின்னக் கோளாறு. மூலிகை சோப்பின் அட்டைப்பெட்டி 90 மி.மீ. உயரம். நான் தட்டுக்கு விட்டது 95. சோப்பு அச்சில் வார்த்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. திரும்ப வெளியே எடுக்க விரல் நுழையவில்லை. “ஏன்டா, ஒரு சோப்பு எடுக்கப் பெட்டியையே கவுக்கணுமா?” என்றார் அத்தை. சரி, இரண்டாவது பெட்டியை உருப்படியாகச் செய்தேன். அதன் கணக்குதான் கீழே இருப்பது.

பெரும்பாலானவர்கள் கவுன்டரை அளந்து, இடத்துக்கு ஒரு பெட்டி அடித்து, பிறகு அதில் சரக்கை அடுக்கிப் பார்ப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் சரக்கு, அடுத்து அதை எடுக்கும் விரல், கடைசியில்தான் மரம்.

1. சரக்கை அளப்பது

கடையில் வேகமாக நகரும் சின்னப் பெட்டிகளில் மூன்று வகை போதும். எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டால் எதுவுமே கண்ணில் படாது. ஒவ்வொன்றையும் நிறுத்திவைத்து உயரம், முகத்தின் அகலம், கனம் என்று மூன்று அளவையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். கார்பென்டர்கள் இஞ்ச், நூல் என்றுதான் பேசுவார்கள் (8 நூல் ஒரு இஞ்ச்). ஆனால் சின்னப் பெட்டிகளுக்கு அந்தக் கணக்கில் பின்னம் தலை சுற்ற வைக்கும்.

என் அளவுகள் இவை. சாம்பிராணி: உயரம் 120, அகலம் 80, கனம் 40. சோப்பு: 90, 60, 35. தைல பாட்டில் பெட்டி: 75, 35, 35. உங்கள் சரக்கு வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

ஒரே சரக்கில் நாலைந்து பெட்டிகளை அளந்து பாருங்கள். அட்டை உப்பியிருந்தால் அளவு 2 மி.மீ. வரை கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் இது சகஜம்.

2. எவ்வளவு உயரம் தாங்கும்

பல கடைகளில் கவுன்டர் 3 அடி உயரம் இருக்கும். அதன் மேல் 2 அடிப் பெட்டி வைத்தால் 5 அடி. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் முகம் மறைந்துவிடும். வாங்க வருபவர் எட்டிப் பார்த்து “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்க வேண்டி வரும். ஒன்றரை அடிக்கு மேல் போகாதீர்கள். பெட்டியைக் கல்லாவுக்கு நேர் முன்னால் வைக்காமல் ஒரு கை தள்ளி வையுங்கள். காசும் சரக்கும் கைமாற வழி வேண்டும்.

வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்குப் பார்த்த கடையென்றால் சாயங்கால வெயில் நேராகக் கவுன்டரில் விழும். சில மாதங்களிலேயே அட்டையில் சிவப்பு மை வெளிறிவிடும்.

3. கணக்கு

பொறுமையாக உட்கார வேண்டிய இடம் இதுதான். நான் பின்பற்றுவது: தட்டின் உயரம் என்பது பெட்டி உயரத்தோடு 30 மி.மீ. விரலுக்கு. அகலத்தில் பெட்டிக்குப் பெட்டி 3 மி.மீ. இடைவெளி.

கனமான சாம்பிராணி அடித்தட்டில்: 120 + 30 = 150. நடுவில் சோப்பு: 120. மேலே தைலம்: 105. கூட்டினால் 375. மேல் பலகை 12, அடிப்பலகை 12, நடுவில் 6 மி.மீ. கண்ணாடித் தட்டு இரண்டு. மொத்தம் 411 மி.மீ., அதாவது 16 இஞ்சுக்குச் சற்று மேல்.

வெளி அகலம் 2 அடி, 610 மி.மீ. இரு பக்கமும் 12 மி.மீ. பலகை போனால் 586. உள்ளே மைக்கா (பலகைமேல் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டினால் இன்னும் 2 போய் 584. சாம்பிராணி 83 வீதம் 7 நின்றால் 581, நிற்கும். சோப்பு 63 வீதம் 9, தைலம் 38 வீதம் 15. இரண்டும் 570-ஐ ஒட்டி வருகின்றன. தாராளம்.

அடுத்து ஆழம். முன்பக்கத்தை நேராக நிறுத்தாமல் சாய்த்துவிடுங்கள். அடியில் 220, உச்சியில் 140. நிற்கும் ஆள் பெட்டியை மேலிருந்துதான் பார்க்கிறார். நேர் கண்ணாடியாக இருந்தால் கீழ்த்தட்டு மேல்தட்டின் நிழலுக்குள் பதுங்கிக்கொள்ளும். சாய்த்தால் ஒவ்வொரு தட்டும் மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். மேலிருந்து வரும் விளக்கு வெளிச்சமும் கீழ்வரை இறங்கும்.

சாய்வில் ஒரு பொறி உண்டு. தட்டின் தரையில் இருக்கும் ஆழம் பெட்டியின் தலை உயரத்தில் இருக்காது. தரையில் அளந்து “மூன்று வரிசை நிற்கும்” என்று முடிவுகட்டினால் முன்வரிசைப் பெட்டியின் நெற்றி கண்ணாடியில் இடிக்கும். ஆகவே பெட்டியின் தலைமட்டத்தில் கணக்குப் போடுங்கள். சாம்பிராணியின் தலை தரையிலிருந்து 132 உயரத்தில் வருகிறது; அங்கே ஆழம் 194. முன்கண்ணாடிக்கும் பின்கதவுத் தடத்துக்குமாக 32 கழித்தால் 162. மூன்று வரிசைக்கு 120 போதும். சோப்பின் தலையில் மிச்சம் 138, தேவை 105. தைலத்தின் தலையில் 116, தேவை 105. மூன்றும் தப்பித்தன.

எல்லாம் சேர்த்து 21 சாம்பிராணி, 27 சோப்பு, 45 தைலம். 93 பெட்டிகள். இரண்டடி இடத்துக்கு இது நல்ல வரவுதான்.

4. அட்டையில் ஒரு ஒத்திகை

மரத்தைத் தொடுவதற்கு முன்னால், கடைக்குச் சரக்கு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து இதே அளவில் ஒன்றை ஒட்டுங்கள். டேப் ஒட்டி அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. அதைக் கவுன்டரில் இரண்டு நாள் வைத்து நிஜச் சரக்கை அடுக்குங்கள். கடையில் நிற்பவரையே எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் எடுக்காதீர்கள். அத்தையின் கை என் கையைவிடச் சிறியது. ஆனால் வளையல் இருக்கிறது. 30 மி.மீ. விடச் சொன்னது அந்த வளையல்தான்.

5. பலகை

12 மி.மீ. பிளைவுட் போதும். வாங்கும்போது பலகையில் ஐ.எஸ். 303 முத்திரையும் பி.டபிள்யூ.ஆர். என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தைத் தாங்கும் ரகம் அது. ஐ.எஸ். 710 என்று வரும் மரைன் பிளை இதற்குத் தேவையில்லை, காசுதான் கூடும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை வழவழப்பாக ஆசை காட்டும். கவுன்டரைத் தினமும் ஈரத்துணியால் துடைக்கும் கடையில் அது அடியிலிருந்து ஊதிவிடும்.

முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. நமக்குத் தேவை அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிளைவுட் கடையில் துண்டுப் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயே வெட்டியும் வாங்கிவிடுங்கள்; வீட்டில் கைவாளால் நேர்வெட்டு வருவது புதியவர்களுக்குச் சிரமம்.

வெட்ட வேண்டியவை: மேல் பலகை 586க்கு 140, அடிப்பலகை 586க்கு 220, பக்கப் பலகை இரண்டு. பக்கங்களுக்கு 411 உயரம், 363 அகலத்தில் ஒரே துண்டு வாங்குங்கள். மேல் விளிம்பில் ஒரு ஓரத்திலிருந்து 140-இல் ஒரு புள்ளி, கீழ் விளிம்பில் அதே ஓரத்திலிருந்து 220-இல் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்துச் சாய்வாக அறுத்தால் இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். அந்தக் கூடுதல் 3 மி.மீ. வாள் தின்பதற்கு. மைக்காவை அறுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். முன்னாலேயே ஒரு முகத்தில் ஒட்டிவிட்டு அறுத்தால், பெட்டியாக நிறுத்தும்போது ஒரு பக்கத்துக்கு மைக்கா உள்ளேயும் மறுபக்கத்துக்கு வெளியேயும் வந்து நிற்கும்.

6. கூடு பூட்டுவது

உள்முகங்களுக்கு வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிற மைக்கா ஒட்டுங்கள். தேக்கு நிறம் வெளியே அழகு, உள்ளே வெளிச்சத்தைக் குடித்துவிடும். மேல், அடிப்பலகைகள் வந்து முட்டும் 12 மி.மீ. பட்டையில் மட்டும் மைக்கா வேண்டாம். பசை மரத்தோடு மரமாகத்தான் பிடிக்கும்.

தட்டுகளைத் தாங்க, பக்கப் பலகைகளின் உள்ளே 10 மி.மீ. ரீப்பர் குச்சிகளை ஒட்டி ஆணி அடியுங்கள். குச்சியின் மேல்முகம் அடியிலிருந்து 162, 288 மி.மீ. உயரங்களில் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அருகருகே படுக்கவைத்து ஒரே கோடாகக் குறித்தால் தட்டு சாயாது.

பிறகு ஃபெவிகால் தடவி, ஒன்றேகால் இஞ்ச் ஸ்கிரூவால் முறுக்குங்கள். முதலில் 2 மி.மீ. பிட்டால் துளை போடாமல் முறுக்கினால் 12 மி.மீ. பிளையின் விளிம்பு பிளந்துகொள்ளும். அதைப் பார்த்தால் வயிறு எரியும். பசை காய்வதற்குள் பின்பக்கச் சட்டத்தின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கூடு சதுரம். இல்லையென்றால் அளவு கூடிய மூலைகளை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். இதில் சோம்பல் பட்டால் பின்கதவு ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டே ஓடும்.

அடிப்பலகையின் முன்விளிம்பு சாய்வுக்கு வெளியே ஒரு நூல் அளவுக்குள் துருத்தும். இழைப்புளியால் சரித்து உப்புத்தாள் போடுங்கள். வெளியே உங்களுக்குப் பிடித்த மைக்கா.

7. கண்ணாடி

கூடு முடிந்த பிறகு அளந்துதான் கண்ணாடி சொல்ல வேண்டும். காகிதக் கணக்கை நம்பாதீர்கள். முன்பக்கத்துக்கு 4 மி.மீ., தட்டுகளுக்கு 6 மி.மீ. எந்த அளவாக இருந்தாலும் நீளத்தில் 2 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள், ஓரங்களைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். டஃபன்ட் கண்ணாடி வேண்டுமென்றால் கூடுதல் கவனம் தேவை. அதைச் சூளையில் பதப்படுத்திய பிறகு அறுக்க முடியாது. அளவு தவறினால் வீண்தான்.

கீழ்த்தட்டு 150, மேல்தட்டு 125 மி.மீ. ஆழம். முன்கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவில் விரற்கடைக்கும் குறைவாக ஒரு சந்து நிற்கும். வெளிச்சம் அந்தச் சந்து வழியாக இறங்கட்டும். முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு பீடிங் (கண்ணாடியைப் பிடிக்கும் மெல்லிய பட்டை), கண்ணாடி, வெளியே ஒரு பீடிங். கண்ணாடியின் எடை 2 கிலோவுக்கு மேல் வரும், அதனால் பீடிங்கைப் பசையோடு நிறுத்தாமல் சின்ன ஆணியும் அடியுங்கள்.

அக்ரிலிக் ஷீட் இலேசானதுதான். ஆனால் தூசித் துணியால் துடைத்துத் துடைத்தே ஆறு மாதத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும்.

8. பின்கதவு

கடைக்காரர் பக்கம் கீல் கதவு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்டூலை நகர்த்த வேண்டும். தள்ளுகதவுதான் சரி. இரட்டைத் தடம் உள்ள இ சேனல் வாங்குங்கள். மேல் தடம் ஆழமாகவும் கீழ்த்தடம் ஆழம் குறைவாகவும் இருக்கும். கதவை மேலே தூக்கிச் செருகிக் கீழே இறக்கினால் உட்கார்ந்துகொள்ளும். உயரத்தை அட்டைத் துண்டில் வெட்டித் தூக்கி இறக்கிப் பார்த்த பிறகே கண்ணாடிக்குச் சொல்லுங்கள். இரண்டு கதவும் நடுவில் 30 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். ஆக ஒவ்வொன்றும் சுமார் 307 அகலம். ஷோகேஸ் பூட்டு ஒன்று போட்டால் முடிந்தது.

9. விளக்கு

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் அடாப்டரும் ஒரே கடையில் கிடைக்கும். மீட்டருக்கு 60 விளக்கு உள்ள சாதா ரகம் எடுங்கள். 3 விளக்குக்கு ஒருமுறை, 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும், அதில்தான் கத்தரிக்கலாம். நமக்கு 55 செ.மீ. மேல் பலகையின் உள்ளே, முன் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் ஒட்டினால் பெட்டிகளின் தலை மட்டும் மின்னும், முகம் இருட்டாகிவிடும். வாங்குபவர் கண்ணைக் கூசாமல் இருக்க முன்னால் 20 மி.மீ. பட்டை ஒன்று மறைப்பாக.

நிறத்தில் 4000 கெல்வின் எடுங்கள். 6500-இல் சந்தன சோப்பு சுண்ணாம்பு மாதிரித் தெரிகிறது. 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் இதற்கு வேண்டியதைவிட அதிகம். அடாப்டரை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூடாகும், பக்கத்தில் தைலம் இருக்கிறது.

10. நிறுத்தி அடுக்குவது

அடியில் நான்கு ரப்பர் புஷ். ஈரத்துணி ஓடவும் காற்று போகவும் அந்த இடுக்கு வேண்டும். கவுன்டரில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய கல் கவுன்டர் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் புஷ்ஷுக்கு அடியில் மைக்காத் துண்டு கொடுத்துச் சரிசெய்யலாம்.

பசை வாடை போக இரண்டு நாள் கதவைத் திறந்து வையுங்கள். சாம்பிராணி வாசம் சோப்பில் ஏறினால் மயிலாப்பூரில் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஃபெவிகால் வாசம் ஏறினால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

முன்வரிசையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு காலிப்பெட்டியை வைத்து, விலை அச்சிட்ட பக்கம் தெரிய ஒன்றைத் திருப்பி வையுங்கள். வெயிலில் வெளிறுவது அந்தக் காலிப்பெட்டியாகவே இருக்கட்டும். விற்பதைப் பின்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.