மழை வந்ததும் மறந்துபோகிற மனந்திரும்புதல்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச்சில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போர்வெல் வற்றிவிட்டது, டேங்கர்காரர் போனை எடுப்பதில்லை, லிங்கராஜபுரத்தில் நாங்கள் கூடுகிற வீட்டு ஜெபத்தில் தண்ணீரைத் தவிர வேறு விண்ணப்பமே இல்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் எழுந்து, "இது இந்த ஊர்மேல் வந்த நியாயத்தீர்ப்பு, இத்தனை பப்பை வைத்துக்கொண்டு ஆடினால் கர்த்தர் சும்மா விடுவாரா" என்றார். நிறையப் பேர் ஆமென் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 4-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தபோதுதான் அந்த ஆமென் தொண்டையில் சிக்கியது. ஒரு ஊரில் மழை, பக்கத்து ஊரில் மழையில்லை, இரண்டு மூன்று ஊர்க்காரர்கள் தண்ணீருக்காக வேறு ஊருக்கு அலைகிறார்கள். பஞ்சம், வறட்சி, பயிர் நோய், கொள்ளைநோய், அழிவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்" என்று கர்த்தர் ஐந்து தடவை சொல்கிறார். சரி, யாரிடம் சொல்கிறார்? பெத்தேல், கில்கால் என்ற வழிபாட்டு இடங்களுக்குத் தவறாமல் போய்ப் பலி செலுத்துகிறவர்களிடம், தசமபாகம் கொடுக்கிறவர்களிடம், ஏழையை நசுக்கிவிட்டுக் குடித்து மகிழ்கிற சமாரியாவின் வசதியான வீட்டுப் பெண்களிடம். கோவிலுக்கு வராத கூட்டத்தை நோக்கி அவர் பேசவில்லை. ஆக, சிட்சையை, அதாவது திருத்துவதற்காகக் கர்த்தர் தருகிற தண்டனையைப் பற்றிய வசனத்தை எடுத்து அடுத்தவர் வீட்டுக் கதவில் ஒட்டுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு.

இன்னொன்றையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கஷ்டமும் சிட்சை அல்ல. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்றார். அதே மூச்சில், நீங்கள் மனந்திரும்புங்கள் என்றும் சொன்னார். படுக்கையில் கிடக்கிறவரிடம் போய் "எதையோ மறைக்கிறீர்கள், அறிக்கை செய்யுங்கள்" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தது, அழுகையையே மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொள்வது. தீர்க்கதரிசிகள் பயன்படுத்துகிற எபிரெயச் சொல் 'ஷூவ்', அதற்கு அர்த்தம் திரும்புவது, வந்த வழியை விட்டுத் திரும்பி நடப்பது. அழுகை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, யோவேல் அழுகையோடும் உபவாசத்தோடும் திரும்பச் சொல்கிறார், ஆனால் கிழிக்க வேண்டியது வஸ்திரத்தை அல்ல, இருதயத்தை என்கிறார். ஓசியா புத்தகத்தில் இதை ரொம்பத் தெளிவாகப் பார்க்கலாம். 6-ஆம் அதிகாரம் "கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள்" என்று அழகாகத் தொடங்குகிறது, நாமும் அதைப் பாட்டாகவே பாடுகிறோம், ஆனால் அந்த வரிகளில் எங்கேயாவது ஒரு பாவத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள், இல்லை. அடித்தவரே காயம் கட்டுவார், சீக்கிரம் சரியாகிவிடும், அவ்வளவுதான். உடனே கர்த்தர், உங்கள் பக்தி காலை மேகம் போல, விடியற்காலைப் பனி போல என்கிறார். 14-ஆம் அதிகாரத்துக்கு வந்தால் ஜெபமே மாறிவிடுகிறது: அசீரியா (அன்றைய வல்லரசு) எங்களை இரட்சிக்காது, குதிரைமேல் ஏறமாட்டோம், எங்கள் கை செய்ததை இனித் தெய்வம் என்று சொல்லமாட்டோம். எதை விடுகிறோம் என்பதைப் பெயர் சொல்லி விடுகிறார்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுகிற எனக்கு இது பலமாக உறைத்தது.

மனந்திரும்பிவிட்டோம், இனிப் பிரச்சினை உடனே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் உண்டு. நல்ல எதிர்காலத்தை வாக்களிப்பதால் புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. அதில், பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்கள் திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று பொய்த் தீர்க்கதரிசி அனனியா சொன்னது ஜனங்களுக்கு இனித்தது, அது பொய்யாகப் போயிற்று. எரேமியாவோ பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் எழுதினார். பிழைப்புக்காக வேறு ஊருக்கு வந்து வாழ்கிற நம்மைப் போன்றவர்கள் அந்தக் கடிதத்தை முழுசாகப் படிக்க வேண்டும்.

முன்னோர் சாபம் என்று தாத்தா மேல் பழி போடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எசேக்கியேல் 18 போதும், அப்பன் தின்ற திராட்சக்காய்க்குப் பிள்ளையின் பல் கூசாது. இனி நமக்கு மன்னிப்பே இல்லை என்று ஒடிந்துபோகிறவர்களும் அதே அதிகாரத்தின் கடைசி வசனம் வரை படியுங்கள், "சாகிறவனுடைய சாவை நான் விரும்புகிறதில்லை" என்று அங்கே இருக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. பயத்தில் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் உடன்படிக்கை செய்து, கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி அதன் நடுவே நடந்து, தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்கிறார்கள். ஆறு வருஷத்துக்குப் பின் விட்டுவிட வேண்டும் என்ற பழைய கட்டளைதான், இத்தனை காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் எகிப்திலிருந்து சேனை வருகிறது என்று கேட்டு பாபிலோனியர் விலகிப்போகிறார்கள், முற்றுகை தளர்கிறது. உடனே விட்ட அடிமைகளை இழுத்து வந்து மறுபடியும் வேலைக்கு வைக்கிறார்கள். நீங்கள் திரும்பி நல்லது செய்தீர்கள் என்பதற்கும், மறுபடி மாறிப்போனீர்கள் என்பதற்கும் எபிரெயத்தில் அதே 'ஷூவ்'தான். பாபிலோனியர் திரும்பி வந்தார்கள், கி.மு. 586 வாக்கில் நகரம் எரிந்தது.

அந்த மார்ச்சில் நாங்கள் மூன்று நாள் உபவாசம் இருந்தோம். மூன்றாம் நாள், உண்மையான உபவாசம் இல்லாதவரோடு பகிர்வது என்கிற ஏசாயா 58 படித்துவிட்டு, எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்காவிடம், தினமும் இரண்டு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு போங்கள் என்று என் மனைவி சொன்னாள். அவர் இருப்பது ஹெண்ணூர் தாண்டி, காவேரி பைப் போகாத ஒரு லேஅவுட். இருபது லிட்டர் நீல கேன் இரண்டு, சிங்க்குக்குக் கீழே இருக்கும். மழை வந்தது, எங்கள் தொட்டி நிறைந்தது. ஆகஸ்ட் வாக்கில், கேன் இடத்தை அடைக்கிறது, இப்போதுதான் தண்ணீர் இருக்கிறதே என்று நான்தான் அதை மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எரேமியா 34-ஐப் படித்த மறுநாள் கேன்களைக் கழுவிக் கீழே கொண்டுவந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா, எங்க பக்கம் இன்னும் டேங்கர்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு கேனின் மூடியைத் திறந்து குழாய்க்குக் கீழே வைத்தார்.