மெர்ஜ் கேம்: பலகை அடைபடாமல் ஆடுவது எப்படி?

ஒரே மாதிரிப் பொருள்களைப் பலகையில் இணைத்துப் பெரிதாக்கும் கைப்பேசி விளையாட்டுதான் மெர்ஜ் கேம். அதைப் புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்கும் கேள்வி இது: "எனர்ஜி இருக்கிறது, தட்டினால் ஒன்றும் வரவில்லையே?" பலகையில் காலிக் கட்டம் இல்லை, அதனால்தான் வரவில்லை. பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே காலிக் குழியைத் தடவிய பிறகுதான் அடுத்த குழியின் முத்துகள் கைக்கு வரும். இங்கும் காலிக் கட்டம்தான் சொத்து. அதைக் காப்பாற்றத்தான் கீழே உள்ள படிகள்.

பின்லாந்தின் மெட்டாகோர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட மெர்ஜ் மேன்ஷனை மாதிரியாக வைத்துக்கொள்வோம். பலகையில் 7க்கு 9 என்று 63 கட்டங்கள். பொருள்களைத் தரும் ஜெனரேட்டரைத் தட்டினால், தட்டுவதற்கான கையிருப்பான எனர்ஜியில் 1 குறைந்து ஒரு பொருள் விழும். ஒரே மாதிரியான இரண்டில் ஒன்றை இழுத்து மற்றதன்மேல் விட்டால், இரண்டும் சேர்ந்து அடுத்த லெவல் பொருளாக மாறும். ஆட்டம் இன்ன பொருள் வேண்டும் என்று கேட்பதுதான் ஆர்டர். அந்தப் பொருளைக் கொடுத்தால் ஆர்டர் முடியும், பரிசு வரும். ஆட்டத்தின் விதி அவ்வளவுதான்.

முதல் படி: தொடங்கும் முன்

ஒரே மாதிரிப் படத்தோடு நிறைய போலி ஆப்கள் உள்ளன. தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து இறக்குங்கள். உள்ளே போனதும் அமைப்புகளில் உங்கள் கணக்கை இணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கைப்பேசியை மாற்றினால், ஆடியதெல்லாம் போய்விடலாம்.

பிள்ளைகள் ஆடப்போகும் கைப்பேசி என்றால் வாங்கும் வசதியைப் பூட்டுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஸ்கிரீன் டைம் வழியாகப் போனால் உள்ளடக்கக் கட்டுப்பாடுகளில் இன்-ஆப் பர்ச்சேஸை நிறுத்தலாம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அமைப்புகளில், வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். சிங்கப்பூரில் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்தும் வழியும் இருப்பதால், தாத்தாவின் கைப்பேசியில் பேரன் வாங்கிய ஜெம்களுக்கான (ஆட்டத்துக்குள் செலவிடும் ரத்தினங்கள்) வெள்ளிக் கணக்கு மாதக் கடைசியில்தான் தெரியவரும். ஜூன், டிசம்பர் விடுமுறைக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: பெட்டிகளைத் திறப்பது

தொடக்கத்தில் பாதிப் பலகைக்கு மேல் மூடிய பெட்டிகள்தான். ஒரு பெட்டிக்கு ஒட்டிய கட்டத்தில் இரண்டு பொருள்களை இணைத்தால் அந்தப் பெட்டி திறக்கும். ஆகவே முதல் நாள் இணைப்புகளை நடுவில் செய்து வீணாக்காமல், பெட்டிகளின் ஓரமாக இழுத்துச் சென்று செய்யுங்கள்.

திறந்த பெட்டிக்குள் பெரும்பாலும் சிலந்தி வலைக்குள் ஒரு பொருள் இருக்கும். அதை நகர்த்த முடியாது. அதே பொருள் இன்னொன்றைக் கொண்டுவந்து அதன்மேல் விடவேண்டும். லெவல் 5 ஆக்க லெவல் 1 பொருள்கள் 16 வேண்டும் என்பதால், வலைக்குள் இருப்பது லெவல் 5 என்றால், அது 16 எனர்ஜி மதிப்புள்ள இலவசம். அந்த லெவலுக்கான ஆர்டர் வரும்வரை விட்டுவைத்தாலும் தவறில்லை.

மூன்றாம் படி: ஆர்டரைக் கணக்குப் போட்டுப் படிப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகவேண்டாம். ஆர்டரில் உள்ள பொருளைத் தொட்டால் அது லெவல் 1இலிருந்து வளரும் முழு வரிசையும், கேட்கப்படுவது எத்தனையாவது லெவல் என்பதும் தெரியும். லெவல் ஒவ்வொன்றுக்கும் தேவை இரட்டிப்பாகிறது. லெவல் 1 பொருள்களாகக் கணக்கிட்டால் லெவல் 4க்கு 8, லெவல் 6க்கு 32, லெவல் 8க்கு 128, லெவல் 10க்கு 512. ஜெனரேட்டர் சில நேரம் நேரடியாக லெவல் 2ஐயே தரும், அது ஆதாயம். ஆனால் பல ஜெனரேட்டர்கள் இரண்டு வகைப் பொருள்களைக் கலந்து தருவதால், உங்களுக்கு வேண்டிய வகைக்கு எனர்ஜி இன்னும் கூடவே ஆகும்.

இப்போது கட்டக் கணக்கு. 128 பொருள்கள் வேண்டும் என்றதும் பயந்துபோய்ச் சிறியவற்றைச் சேர்த்து வைக்கிறார்கள். தேவையே இல்லை. ஜோடி கிடைத்தவுடன் இணைத்துக்கொண்டே வந்தால், லெவலுக்கு ஒன்று என்று அதிகபட்சம் 7 பொருள்கள்தான் பலகையில் நிற்கும். அடுத்த ஒன்று விழுந்ததும் எட்டாவது கட்டம் நிரம்பும். அங்கிருந்து 1, 2, 3 என்று மளமளவென இணைந்து லெவல் 8 கிடைத்துவிடும். இப்படி ஒரு பொருள் வரிசைக்கு 8 கட்டம் போதும்! நான்கு வரிசைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் 30 கட்டங்களுக்கு மேல் போய்விடும். ஜெனரேட்டர்களும் திறக்காத பெட்டிகளும் மீதியைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக ஆடுபவர்கள் இரண்டு வரிசையோடு நிறுத்திக்கொள்வதே சரி.

லெவல் 4 வரையிலான ஆர்டர்களை முதலில் முடியுங்கள். அவை சீக்கிரம் தீரும், கட்டமும் உடனே காலியாகும்.

ஜோடியைக் கண்டதும் இணைத்துவிடும் வேகத்தில் ஒரு தவறு நடக்கும். ஆர்டர் கேட்பது லெவல் 4. கையில் லெவல் 4 இரண்டு சேர்ந்ததும் விரல் தானாக அவற்றை இணைத்து லெவல் 5 ஆக்கிவிடும். பிரிக்கும் கத்தரிக்கோல் அபூர்வமாகத்தான் கிடைக்கும், ஆகவே இன்னொரு லெவல் 4க்கு மறுபடி 8 தட்டு தட்டவேண்டும். ஆர்டருக்கான பொருள் உருவானதும் முதலில் கொடுத்து முடியுங்கள், அப்புறம் இணையுங்கள்.

நான்காம் படி: அடுக்கும் முறை

ஜெனரேட்டர்களைப் பலகையின் கீழ் வரிசையில் வையுங்கள். எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது கட்டைவிரல் எட்டுவது அங்கேதான். (சத்தத்தையும் அணைத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவர் வேலை முடிந்து களைத்து வருகிறவராக இருக்கலாம்.) விழும் பொருள் பெரும்பாலும் ஜெனரேட்டருக்கு அருகில் உள்ள காலிக் கட்டத்தில் போய் உட்காரும் என்பதால் அதற்கு மேலே பலகையின் இரண்டு வரிசைகளைக் காலியாக விடவேண்டும். பெரிய லெவல் பொருள்கள் மேல் ஓரத்துக்குப் போகட்டும்.

அப்படியும் அடைத்துக்கொண்டால், எந்த ஆர்டரும் கேட்காத லெவல் 1, 2 பொருள்களை விற்றுவிடுங்கள். விற்றுக் கிடைக்கும் காயின் அற்பம்தான், காலியாகும் கட்டம் பெரிது. தவறி விற்றால் உடனே திரும்பப் பெறும் பொத்தான் இருக்கும். வேறு எதையாவது தொட்ட பிறகு அது மறைந்துவிடும். ஜெனரேட்டரின் உதிரிப் பாகங்களை மட்டும் எந்த நெருக்கடியிலும் விற்காதீர்கள். அவை சேர்ந்துதான் அடுத்த லெவல் ஜெனரேட்டர் வரும். இடம் இல்லாவிட்டால் பலகைக்கு வெளியே பொருள்களைச் சேமிக்கும் இன்வென்டரியில் போட்டு வையுங்கள், அது இருப்பதே அதற்குத்தான்.

ஐந்தாம் படி: எனர்ஜியும் ஜெம்மும்

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் 2 நிமிடத்துக்கு 1 எனர்ஜி ஊறும், 100 ஆனதும் நின்றுவிடும். முழுதாக நிரம்ப 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். உட்லண்ட்ஸில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவதற்குள் நூறும் தாராளமாகத் தீர்ந்துவிடும். காலைப் பயணம், மதிய உணவு, மாலைப் பயணம், தூங்கும் முன் என நான்கு முறை தொட்டால் போதும். நள்ளிரவில் எழுந்து தட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஜெம் கொடுத்து எனர்ஜி வாங்கும்போது, அதே நாளில் அடுத்தடுத்த முறைக்கு விலை ஏறிக்கொண்டே போகும். இணைக்கும்போது குமிழிக்குள் மிதந்து வரும் பொருளும் ஜெம் கேட்கும், பக்கத்தில் கடிகாரமும் ஓடும். அந்த அவசரத்துக்குப் பணியவேண்டாம், தானாக மறையட்டும். ஜெம்மைக் கூடுதல் இன்வென்டரி இடத்துக்குச் செலவிடுங்கள்; அது என்றைக்கும் உங்களோடு இருக்கும்.

மூன்றை இணைக்கும் வகை

கிராம் கேம்ஸ் வெளியிட்ட மெர்ஜ் டிராகன்ஸ் போன்றவற்றில் விதி வேறு. ஒரே மாதிரி 3 சேர்ந்தால் அடுத்த லெவலில் 1, 5 சேர்ந்தால் 2. பதினைந்தை மூன்று மூன்றாக இணைத்தால் 5 கிடைக்கும், ஐந்து ஐந்தாக இணைத்தால் 6. மேலே போகப்போக வித்தியாசம் பெருகும்: இரண்டு லெவல் 4 பொருள்களுக்கு முதல் வழியில் லெவல் 1 பொருள்கள் 54 வேண்டும், முடிந்த இடத்திலெல்லாம் ஐந்தாக இணைத்தால் 33 போதும்.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவதை ஒட்டி வைத்த கணமே இணைந்துவிடும். அதனால் இரண்டை ஒட்டி வையுங்கள். ஒரு கட்டம் இடைவெளி விட்டு, அதே நேர்க்கோட்டில் இன்னும் இரண்டை வையுங்கள். ஐந்தாவதை அந்த இடைவெளியில் விட்டால் ஐந்தும் ஒரே மூச்சில் சேரும். இதற்கும் நடுவில் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கவேண்டும், வேறு பொருள் வந்து உட்கார்ந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.