ஏர் பிஸ்டலின் கைப்பிடியை நம் கைக்குப் பொருந்தச் செய்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடப் பழகத் தொடங்கும் பலர், ஓரிரு மாதங்களிலேயே எடைக் கட்டி, அகலம் மாற்றிய முன்குறி, புதிய டிரிகர் நாக்கு என்று உதிரிப் பாகங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தஞ்சாவூரில் நான் பயிற்சி செய்யும் இடத்திலும் இதைத்தான் பார்க்கிறேன். அவற்றை வாங்குவதற்கு முன் கைப்பிடியைச் சரிசெய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. குறிபார்க்க உதவும் இரண்டு குறிகளில், குழல் முனையிலுள்ள முன்குறிக்கும் கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறிக்கும் இடையே 33 சென்டிமீட்டர் உள்ள ஒரு பிஸ்டலில் முன்குறி 0.2 மில்லிமீட்டர் விலகி நின்றால், இலக்கில் குண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விலகிப் படும். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். அந்த 0.2 மில்லிமீட்டர் விலகல் பெரும்பாலும் கண்ணால் வருவதன்று; ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்டுப் பிடிக்கும் கையால் வருவது.

தேவையானவை: கைப்பிடி, அரைவட்ட மர அரம், 80 முதல் 240 வரையிலான உப்புத்தாள், எம்-சீல் போன்ற இருபொருள் புட்டி, துணிப் பிளாஸ்டர், பென்சில், மெல்லிய கையுறை. குழல், வால்வு, காற்றழுத்தம் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் தொட வேண்டாம். அவை தயாரிப்பாளருக்கும் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநருக்கும் உரியவை.

முதற்படி: பாதுகாப்பு

குழல் ஆளில்லாத திசையை நோக்கியிருக்க, பிஸ்டலில் குண்டு வைக்கும் அறையைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். முழுவதும் நிரப்பிய சிலிண்டரில் பொதுவாக 200 பார் வரை அழுத்தம் இருக்கும் என்பதால், அதை வெயிலிலோ பணிமேசை விளிம்பிலோ வைக்கக் கூடாது. இதன்பின் கைப்பிடியின் திருகைத் தளர்த்தி அதைக் கழற்றலாம். அரம் போடும் வேலை முழுவதையும் கழற்றிய கைப்பிடியில்தான் செய்ய வேண்டும், ஏனெனில் மரத்தூள் டிரிகர் பொறிக்குள் இறங்கினால் அதை எடுப்பது பெரும்பாடு.

இரண்டாம் படி: கண்ணை மூடிப் பார்த்தல்

இந்தப் படியில் அவசரம் கூடாது. கைப்பிடியை மீண்டும் பொருத்தி, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, கண்களை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள். மணிக்கட்டை இறுக்கி, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறந்து, பின்குறியின் பள்ளத்தில் முன்குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதை இருபது முறை செய்து, இடம், வலம், மேல், கீழ் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருபதில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் குறை கைப்பிடியில் உள்ளது. நாலாபக்கமும் சிதறினால் இன்னும் உங்கள் பிடியே நிலைபெறவில்லை என்று பொருள், அப்போது அரத்தைக் கையில் எடுக்காமல் இரண்டு வாரம் பிடித்துப் பழகுங்கள்.

மேல் கீழ் விலகலுக்குப் பல பிஸ்டல்களில் கைப்பிடியின் சாய்வை மாற்றும் திருகே போதும். இட வல விலகலுக்கு, கட்டைவிரலின் அடிச்சதை படியும் இடத்தில் துணிப் பிளாஸ்டரை இரண்டு மடிப்பு ஒட்டி மீண்டும் இருபது முறை பாருங்கள். விலகல் குறைந்தால் அங்கே புட்டி தேவை. கூடினால் பிளாஸ்டரை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். உரித்தெறியக்கூடிய பிளாஸ்டரில் தவறு செய்வது, காய்ந்து இறுகிய புட்டியில் தவறு செய்வதைவிட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: குறைத்தலும் கூட்டலும்

விரல்களில் பென்சில் கரியைத் தடவி இறுகப் பிடித்து எடுத்தால், எங்கே அழுத்தம் மிகுதி, எங்கே தொடவேயில்லை என்பது மரத்தில் தெரியும். கருத்த மேடுகளை அரத்தால் குறையுங்கள். எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் வீணை செய்யும் ஆசாரி ஒருவர். பலாமரக் குடத்தைக் குடைந்துகொண்டிருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, தள்ளும்போது மட்டும் அழுத்துங்க, திரும்பி வரும்போது தூக்கிடுங்க, எடுத்த மரம் திரும்பி வராது" என்றார். நான்கு தள்ளலுக்கு ஒருமுறை நிறுத்திப் பிடித்துப் பார்ப்பது அன்று முதல் என் வழக்கம்.

சுட்டுவிரல் மரத்தில் உரசவே கூடாது. விரலின் முதற்கணுச் சதையின் நடுப்பகுதி டிரிகரில் படிய, விரலுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு தபால் அட்டை தடையின்றிப் போய்வர வேண்டும். உரசினால் ஒவ்வொரு இழுப்பிலும் பிஸ்டல் பக்கவாட்டில் நகரும்.

புட்டி வைக்குமுன், அந்த இடத்தின் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஓர் ஐப்பசி மழைநாளில் நான் வைத்த புட்டி, மறுவாரமே பயிற்சியின் நடுவில் சில்லாகப் பெயர்ந்து உள்ளங்கையோடு வந்துவிட்டது. இரு பகுதிகளையும் சம அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, தேவைக்குச் சற்றே கூடுதலாக வைத்து, கையுறையின் மேல் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு, சுடும் நிலையிலேயே நின்று பிடித்துக் கையின் அச்சைப் பதியுங்கள். உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டின் கோணம் மாறிவிடும். ஓர் இரவு காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்குங்கள்.

நான்காம் படி: விதிகளைச் சரிபார்த்தல்

பன்னாட்டு விதிகளின்படி, பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. புட்டி வைத்தபின் பலர் தவறுவது அந்த 50 மில்லிமீட்டரில்தான். உள்ளங்கைத் தாங்கி, அதாவது உள்ளங்கையின் அடிப்பகுதி அமரும் தட்டு, கையைச் சுற்றி மேல்நோக்கி வளையவோ, கைப்பிடியின் எப்பகுதியும் மணிக்கட்டுக்குத் துணைநிற்கவோ கூடாது. டிரிகரை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, 500 கிராம் எடையை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்கும்போது விசை விடுபடக் கூடாது.

நம் ஊர் ஈரப்பதம்

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வாசற்கதவே உப்பிச் சிக்கும். கைப்பிடி மரத்துக்கும் அதுவே நேரும். தேய்த்து முடித்த மரத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்கு உலரவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருண்ட துணி தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வழவழப்பாக மெருகேற்ற வேண்டாம், வியர்த்த கை வழுக்கும். கார்த்திகை கழிந்ததும் கைப்பிடித் திருகை ஒருமுறை முடுக்கிவிட்டு, கண்ணை மூடிப் பார்க்கும் அந்த இருபது முறையை மீண்டும் செய்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள்.