மலைக்கிராமத்து இளையோரிடம் உடல்நலம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கிறது இடமலைக்குடி. முதுவர் குடிகளின் ஊர். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆனது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வீட்டை விட்டுத் தனிக்குடிசையில் தங்குவது அங்கே வழக்கம். அந்தக் குடிசைக்குப் போகாமல் தப்பிக்கப் பெண்கள் பலர் மாலா-டி கருத்தடை மாத்திரையை இடைவிடாமல் சாப்பிடுகிறார்கள் என்று கேரளச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். மாலா-டி அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன் மாத்திரை, மீதி ஏழு இரும்புச்சத்து. இரும்பு மாத்திரை சாப்பிடும் அந்த ஏழு நாட்களில்தான் விலக்கு வரும். அந்த ஏழையும் ஒதுக்கிவிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் விலக்கு தள்ளிப்போகும்.

இதைக் கேட்டதும் வெளியிலிருந்து போகிற நமக்கு முதலில் வாயில் வருவது, “இப்படியே சாப்பிட்டால் மலடாகிவிடுவீர்கள்” என்பதுதான். இந்த மிரட்டல் முதல் தவறு. மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். நிறுத்தியபின் ஒருத்திக்குக் குழந்தை பிறந்துவிட்டால் போதும், அப்புறம் நாம் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான ஆபத்து வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு காலில் ரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள் இந்த மாத்திரையைத் தொடக்கூடாது. பரிசோதனை இல்லாமல் கைமாறும் மாத்திரையில் இதையெல்லாம் யார் கேட்பார்கள்? இதைச் சொல்லுங்கள். கூடவே, அந்தக் குடிசையில் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, ராத்திரி பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்றும் கேளுங்கள். மாத்திரைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, இந்த மக்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைவது. பல மலைக்குடிகளில் வரதட்சணை கிடையாது, விதவை மறுமணம் சாதாரணம். மனசுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து வாழ ஆரம்பித்துவிட்டுப் பிறகு பெரியவர்கள் ஒப்புக்கொள்வதும் உண்டு. இதில் சமவெளிக்காரர்களாகிய நாம் பாடம் எடுக்க எதுவுமில்லை. ஆனால் சட்டத்தைப் பற்றி அவர்களிடம் கட்டாயம் பேசியாக வேண்டும். நாம் பேசாமல் விடுவது அதைத்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவருடைய சம்மதம் கணக்கில் வராது. வயநாட்டில் பணியர் என்ற பழங்குடியின் இளைஞர்கள் பலர், தங்கள் வழக்கப்படி சிறுவயதுப் பெண்ணோடு குடும்பம் நடத்தியதற்காகச் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி முன்கூட்டியே யாராவது உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். வழக்குப் பயம் இருந்தால் கர்ப்பமான பெண் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டாள். ரத்தசோகையோடு குடிசையிலேயே பிரசவம் ஆகும். அதனால் சட்டத்தின் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுமியின் கர்ப்பம் தெரியவந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும். ஆனால் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தர வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சிறுமிகளுக்கு 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்புக்கு இடமுண்டு. நாட்டு மருந்தையும் கடை மாத்திரையையும் நம்பி உயிரை விடுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டாமா?

நீலகிரியில் இன்னொரு விஷயம் சேர்கிறது: சிக்கிள் செல் ரத்தசோகை. பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு வரும் பரம்பரை ரத்த நோய் அது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று, ஆண்டு 1952. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 40 வயது வரை எல்லோருக்கும் பரிசோதனை செய்கிறார்கள். பரிசோதனை நல்லதுதான். முடிவைச் சொல்லும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. எல்லோர் முன்னாலும் பெயர் வாசித்துச் சீட்டுக் கொடுப்பது பெரிய கொடுமை. அன்றோடு அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். சீட்டை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கொடுங்கள்.

இந்நோயின் மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்ல, பொதுவாக நன்றாகவே இருப்பார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயோடு குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குக் கவலையில்லை என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. படம் போட்டு விளக்குவதைவிடக் கையில் கொடுத்துச் செய்யவிடுவது மேல். இரண்டு துணிப்பை எடுங்கள், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு காப்பிக்கொட்டை, ஒரு குண்டுமணி. குண்டுமணிதான் நோய் மரபணு. பார்க்காமல் பைக்கு ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் குண்டுமணி என்றால் குழந்தைக்கு நோய். எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, அடுத்த குழந்தைக்கு மறுபடி எடுக்கவிடுங்கள். திரும்பப் போடுவதுதான் இதில் முக்கியம். நாலைந்து தடவை எடுத்ததும் அவர்களுக்கே பிடிபட்டுவிடும். சோதனை முடிவைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம், கருவிலேயே சோதிக்கவும் வழி உண்டு என்று அதற்குப் பிறகு பேசலாம். “கட்டாதே” என்று உத்தரவு போட நமக்கு உரிமை இல்லை.

நாப்கின் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்புவதும் தவறுதான். எரிக்கவோ புதைக்கவோ இடமில்லாத ஊரில் அது ஓடையில்தான் சேரும். துணி பயன்படுத்துகிறவர்களைக் குறை சொல்லாமல், சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். துணியை ஒளித்துக் காயவைக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை.

கூட்டத்துக்கு நேரமும் பார்க்க வேண்டும். தோட்ட வேலைக்குப் போகும் ஊரில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் கிழவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள். பேசுவது ஊர்க்காரர்களில் ஒருவராக, அவர்கள் பேச்சிலேயே பேசுகிறவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசுவது எங்கும் நடக்கிறது. விந்து வெளியானால் உடல் கெட்டுவிடும் என்ற பயத்தில் போலி வைத்தியர்களிடம் காசைத் தொலைக்கிறவர்கள் இந்தப் பையன்கள்தான். ஆணுறை அணிய வேண்டியவர்களும் இவர்கள்தான். துணை சுகாதார நிலையத்தில் ஆணுறை இலவசம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் தெரிந்த அக்காவாக இருப்பார், அவரிடம் எப்படி வாய்விட்டுக் கேட்பது? வாசலுக்கு வெளியே, கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி ஒரு பெட்டி மாட்டுங்கள். யார் எடுத்தார் என்று பதிவேடு வேண்டாம். காலியாகும் வேகத்தைப் பார்த்து நிரப்பினால் போதும்.