ராஜராஜன் மகன் ராஜேந்திரன்: எந்த ராஜேந்திரன்?

"ராஜராஜனின் மகன் ராஜேந்திரன்" என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த வரி. ஆனால் சோழர் வரலாற்றில் இந்த வரிக்குப் பொருந்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவர். இன்னொருவர் கீழைச் சாளுக்கிய மன்னர் ராஜராஜ நரேந்திரனின் பிள்ளை. 1070இல் சோழப் பட்டத்துக்கு வந்து, முதல் சில ஆண்டுக் கல்வெட்டுகளில் ராஜேந்திரன் என்றே இருந்து, அப்புறம் குலோத்துங்கன் ஆனவர். இவருடைய அம்மா அம்மங்கைதேவி, முதல் ராஜேந்திரனின் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டி குந்தவை, ராஜராஜ சோழனின் மகள். ராஜராஜனின் அக்கா பெயரும் குந்தவைதான். மனைவி மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திரனின் மகள், அதாவது தாய்மாமன் மகள். தலை சுற்றுகிறதா? சுற்றத்தான் வேண்டும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கும்பாபிஷேக மலருக்கோ ஊர் வரலாற்றுக்கோ எழுதுகிறவர்கள் கல்வெட்டில் 'ராஜேந்திர சோழ தேவர்' என்று கண்டதும் கங்கைகொண்டானைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். முதலாம், இரண்டாம் என்ற எண்கள் கல்வெட்டில் கிடையாது. நாம் பிற்பாடு போட்டவை. அங்கே பார்க்க வேண்டியது பரகேசரியா ராஜகேசரியா என்ற பட்டம், மெய்க்கீர்த்தியின் (கல்வெட்டுத் தொடக்கத்தில் மன்னரின் புகழைச் சொல்லும் பகுதி) முதல் சொற்கள், ஆட்சியாண்டு. முதல் ராஜேந்திரன் பரகேசரி, மெய்க்கீர்த்தி 'திருமன்னி வளர' என்று தொடங்கும். பின்னாள் குலோத்துங்கனோ ராஜகேசரி. அவருடைய ஆரம்பகால மெய்க்கீர்த்தி 'திருமன்னி விளங்கும்' என்று தொடங்கும். வளர, விளங்கும்: இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் ஐம்பது ஆண்டு பிசகிவிடும்.

பட்டப்பெயரைத் தனி ஆளாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வீராணம் ஏரிக்குப் பெயர் கொடுத்த வீரநாராயணன் யாரோ ஒரு குறுநில மன்னன் இல்லை; முதல் பராந்தகனின் பட்டப்பெயர் அது. ஏரியை வெட்டியவர் என்று சொல்லப்படும் அவர் மகன் ராஜாதித்தனுக்கு 'ஆனைமேல் துஞ்சிய தேவர்' என்று ஒரு பெயர் உண்டு. 949இல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே இறந்ததால் வந்தது. ஆனைமேல் துஞ்சிய தேவர் வந்து ஏரியை வெட்டினார் என்று எழுதினால், செத்தவரைக் கொண்டு மண் அள்ள வைத்த மாதிரி ஆகும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு: காடவன். திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, திருவதிகையில் கோயில் எடுத்தவன் காடவன் என்கிறது பெரியபுராணம். அவர் அப்பர் காலத்துப் பல்லவர். குணபரன் என்ற பட்டப்பெயரை வைத்து மகேந்திரவர்மன் என்று அடையாளம் காண்கிறார்கள். சேந்தமங்கலத்தில் இருந்த காடவன் கோப்பெருஞ்சிங்கன் அதற்கு அறுநூறு ஆண்டு பிந்தியவர். மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சிறை வைத்ததும், போசள மன்னர் வீரநரசிம்மன் படை அனுப்பி மீட்டதும் கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் கோயில் கல்வெட்டிலேயே விரிவாக இருக்கின்றன. பல்லவர் வழி என்று காடவர்கள் சொல்லிக்கொண்டது உண்மை. அதற்காக இருவரையும் தாத்தா பேரன் போலப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. போதாததற்குக் கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் அப்பா, மகன் என இருவர் இருந்தார்கள் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொள்வது. ஆக, ஆண்டு போடாமல் அந்தப் பெயரை எழுதவே கூடாது.

புதுச்சேரி வரலாற்றில் சிக்கல் வேறு மாதிரி. நாசர் ஜங், முசாபர் ஜங், சலாபத் ஜங் என்று வரிசையாகப் படித்ததும் 'ஜங்' என்பது குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது விருது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸுக்கே 'ஜாபர் ஜங்' பட்டம் கிடைத்தது. அந்தக் கணக்கில் அவரும் ஹைதராபாத் நிஜாமுக்குப் பங்காளி ஆகிவிடுவார்! நாசர் ஜங் முதல் நிஜாமின் மகன், முசாபர் ஜங் நிஜாமின் மகள் வயிற்றுப் பேரன். செஞ்சிப் பக்கம் 1750 டிசம்பரில் முடிந்தது தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் நடந்த சண்டை. ஆங்கிலப் புத்தகத்தில் 'நெஃப்யூ' என்று பார்த்துவிட்டு அண்ணன் மகன் என்று எழுதுவதை இன்னும் பார்க்கிறேன்.

ஆற்காட்டிலும் அப்படித்தான். சந்தா சாகிப்பும் முகமது அலியும் நவாபு பட்டத்துக்கு மோதியதால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணக் கூடாது. சந்தா சாகிப், நவாபு தோஸ்து அலியின் மருமகன். 1740இல் மாமனார் போரில் இறந்தபோது அந்தக் குடும்பம் புதுச்சேரிக்குத்தான் அடைக்கலம் வந்தது. முகமது அலியோ பிறகு நவாபாக்கப்பட்ட அன்வருதீனின் மகன், வேறு குடும்பம். பின்னாளில் பெற்ற 'வாலாஜா' பட்டத்தை 1749 ஆம்பூர்ப் போரிலேயே அவருக்குச் சூட்டிவிடுவதும் தவறு.

பிரெஞ்சு ராஜாக்களிடம் எண்ணைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது. பதினைந்தாம் லூயி பதினான்காம் லூயியின் கொள்ளுப்பேரன். பதினெட்டாம் லூயி பதினாறாம் லூயியின் தம்பி. காரைக்கால் எழுதுகிறவர்கள் சாகுஜியைச் சரிபார்க்கட்டும்: 1738இல் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தர ஒப்புக்கொண்ட தஞ்சை மராத்திய மன்னர் சாகுஜி, 1684இல் பட்டத்துக்கு வந்த சாகுஜி இல்லை. சிவாஜியின் அப்பா ஷாஜி, பேரன் சாகு வேறு இருக்கிறார்கள்.

அப்புறம் மரியாதை. ஒரே பக்கத்தில் சோழன் 'வந்தான்', நவாபு 'வந்தார்', கவர்னர் 'எழுந்தருளினார்'. எந்த விகுதியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர் ராஜாவுக்கு மட்டும் ஏன் 'அவன்'?