டெக்கைத் திறக்கும் முன் திரையைப் பாருங்கள்: பழைய கேசட் படம் மங்கினால் செய்யக் கூடாதவை

போன தை மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர், வீடியோ கேசட் ஓட்டும் டெக் ஒன்றையும் ஐந்து கேசட்டையும் மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். அத்தானுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அக்காவின் முதல் கல்யாணக் கேசட்டை அன்றைக்கு மண்டபத்தில் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். "சத்தம் வருது சார், ஆனா நாதஸ்வரத்துக்கு நடுவுல கொர்ருன்னு ஒரே இரைச்சல். படம் சுத்தமா வரல. ஹெட் போயிடுச்சுன்னு சொல்லி ஒருத்தர் மாத்திக் கொடுத்தாரு. மாத்தியும் வரல" என்றார். ஹெட் என்பது டெக்குக்குள்ளே டேப்பில் பதிந்ததைப் படிக்கும் முனை.

நான் டெக்கைத் தொடவில்லை. கூடக் கொண்டு வந்திருந்த வயரைத்தான் பார்த்தேன். இப்போது வரும் எல்இடி டிவி பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை கிடையாது. ஹெட்போன் செருகுவது போல ஏவி என்று ஒரே ஒரு சின்னத் துளை. அதற்கு நான்கு பட்டை உள்ள பின் வேண்டும். எந்தப் பட்டையில் படம் போகும், எதில் சத்தம் போகும், எது எர்த் என்பது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. அவர் வீட்டில் கிடந்த பழைய வீடியோ கேமரா வயரைச் செருகியிருக்கிறார். அதில் படத்தின் இடத்தில் ஒரு பக்கச் சத்தமும், சத்தத்தின் இடத்தில் படமும் மாறிப் போயிருக்கின்றன. பட சிக்னல் ஸ்பீக்கருக்குள் போனால் கொர் என்றுதான் கேட்கும். டெக்கின் பின்னால் சிவப்புப் பின்னையும் மஞ்சள் பின்னையும் இடம் மாற்றிச் செருகினேன். மணவறை வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சந்தோஷம் பாதி, ஹெட்டுக்குக் கொடுத்த காசை நினைத்துக் கடுப்பு பாதி.

எல்லா வயரும் இப்படி மாற்றிச் செருகினால் சரியாகிவிடாது. எர்த் பட்டையே வேறு இடத்தில் இருந்தால் எந்தப் பின்னை எங்கே மாற்றினாலும் பலன் இல்லை. அந்த டிவியோடு வந்த வயரைத் தேட வேண்டியதுதான்.

பழைய அனலாக் சாமான்களில் படம் கெடும்போது நம் ஆட்கள் நேராக உள்ளே கையை விடுகிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் முதலில், யோசனை அப்புறம். ஆனால் கோளாறு எங்கே என்று திரையே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் படிக்கப் பழகினால் பாதிச் செலவு மிச்சம்.

முழுத் திரையிலும் பனி கொட்டுவது போலப் புள்ளி, ஆனால் சத்தம் தெளிவு என்றால் ஹெட்டில் அழுக்கு. சாதாரண டெக்கில் சத்தத்தைப் படிக்கும் ஹெட் தனி, படத்தைப் படிக்கும் ஹெட் தனி. அதனால்தான் ஒன்று கெட்டாலும் இன்னொன்று ஒழுங்காக ஓடுகிறது. திரையில் ஒரு பகுதியில் மட்டும் பனிப் பட்டை, அது மேலும் கீழும் நகர்கிறது என்றால் டிராக்கிங், அதாவது டேப்பில் பதிந்த தடத்தின் மேல் ஹெட் சரியாகப் போகவில்லை. பல டெக்குகளில் சேனல் ஏற்ற இறக்கப் பொத்தானே டிராக்கிங் வேலையையும் செய்யும். அதை அழுத்திப் பார்க்காமலே ஹெட் போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. வெள்ளைக் கீற்று அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னி மறைந்தால் டேப்பிலேயே பூச்சு உதிர்ந்திருக்கிறது. டெக்கை மாற்றினாலும் போகாது.

திரையின் அடி விளிம்பில் சில கோடுகள் மட்டும் கிழிந்து ஆடுகிறதா? அது கோளாறே இல்லை. சுழலும் உருளையில் இரண்டு ஹெட் மாறி மாறிப் படிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. நம் ஊர் முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, நொடிக்கு 50 முறை இந்த மாற்றம் நடக்கிறது. அந்தக் காலத்துக் குண்டு டிவி படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும், அதனால் நாம் பார்த்ததே இல்லை. எல்இடி டிவி சில நேரம் ஓரம் வரை அப்படியே காட்டிவிடுகிறது. இதற்காக டெக்கைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

மேல் விளிம்பு கொடி மாதிரி ஒரு பக்கம் வளைந்தால் விஷயம் வேறு. டேப் இழுவையில் தளர்வோ இறுக்கமோ இருக்கிறது, ஒவ்வொரு கோடும் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை. குண்டு டிவி இந்தத் தள்ளாட்டத்தை அனுசரித்துப் போகும். புது டிவி அனுசரிக்காது. படத்தை நிறுத்திவிட்டு நீலத் திரையைக் காட்டி 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிடும். கேசட்டைப் பிளே போடாமல் வேகமாகக் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினாலே இழுவை ஓரளவு சீராகும். பல வருஷம் பரணில் கிடந்த கேசட்டை எடுத்தவுடன் பிளே அழுத்துவது நல்லதல்ல. அதற்கும் சரிப்படவில்லை என்றால் டெக்குக்கும் டிவிக்கும் நடுவே ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரைப் போட்டுப் பாருங்கள். பல மாடல்கள் படத்தை வாங்கி ஒழுங்குபடுத்தி அனுப்பும். எல்லாமும் அல்ல, ஆனால் பார்ப்பதற்குச் செலவில்லை.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் உடனே கலர் ஐசி, அது இது என்று பேச ஆரம்பிக்காதீர்கள். இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். பல டிவிகளில் மஞ்சள் பின்னுக்கென்று தனித் துளை இல்லை, காம்போனென்ட் என்ற, படத்தை மூன்று வயரில் அனுப்பும் முறைக்கான பச்சைத் துளையையே இரண்டுக்கும் வைத்திருப்பார்கள். அதில் மஞ்சளைச் செருகிவிட்டு, டிவி மெனுவில் ஏவி என்பதற்குப் பதிலாகக் காம்போனென்ட் என்று தேர்ந்தெடுத்தால் வெளிச்சம் மட்டும் வரும், நிறம் வராது. ரிமோட்டில் ஒரு பொத்தான், அவ்வளவுதான் வைத்தியம்.

இன்னொன்று ஊர் மாறி வந்த கேசட். டெல்டாவில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போய் வராத தெரு இல்லை. சிங்கப்பூர், மலேசியா டெக்கால் பிரச்சினை இல்லை. அவையும் நம்மைப் போலவே பால் என்ற டிவி முறை (குடிக்கிற பால் இல்லை): 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவில் இருக்கும் மகன் அந்தக் காலத்தில் பேரன் பிறந்தநாளை எடுத்து அனுப்பியிருந்தால் அது என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் முறை: 525 கோடு, நொடிக்குக் கிட்டத்தட்ட 30 படம். கேசட் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நம் ஊர் டெக்கில் போட்டால் படம் உருளும், துள்ளும், பேச்சு இழுக்கும். சில டெக்குகள் இரண்டையும் படிக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவான ஒரு கலவை சிக்னலை வெளியே விடும். அதை டிவி ஏற்றுக்கொண்டாலும், பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் செருகும் மலிவு கேப்சர் பின் ஏற்காமல் நிறத்தை விட்டுவிடுவது சகஜம். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் எந்த நாட்டில் எடுத்தது என்று கேளுங்கள்.

எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று வாராவாரம் வருகிறது. டெக்கிலிருந்து டிவிக்குப் போக ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் பெட்டி வேண்டும். கடையில் இருப்பது எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றுவது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை டப்பா. எழுத்தின் வரிசையைப் படிக்காமல் வாங்கி வந்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறு முனையில் மூன்று கலர் பின்னும் உள்ள வெறும் வயர். உள்ளே ஒன்றுமே இல்லை. அது எதையும் மாற்றாது. சரியான பெட்டிதான் என்றாலும் அதற்கு 5 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் பால், என்டிஎஸ்சி சுவிட்ச் இருந்தால் பால் பக்கம் தள்ளுங்கள்.

திரையில் அகலமான மங்கல் பட்டை ஒன்று மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தால் அது கரண்ட் விவகாரம். டெக் ஒரு பிளக்கில், செட்டாப் பாக்ஸ் வழியாகக் கேபிள்காரரின் வயர் கம்பத்திலிருந்து இன்னொரு பக்கம் என்று இரண்டு இடத்து எர்த்தும் டிவியில் சந்திக்கும். அவற்றுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் படத்தில் ஏறும். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். பட்டை மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. கேசட் பார்த்து முடியும்வரை அப்படியே விடுங்கள். லேப்டாப்பில் பதிவு செய்யும்போது இதே பட்டை வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டால் பட்டை போய்விடும் என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்காதீர்கள். பட்டை போகலாம், ஆளும் போகலாம்.

கல்யாண மண்டபத்தில் மேடையில் ஒரு டிவி, பந்தியில் ஒரு டிவி என்று ஒரே டெக்கிலிருந்து ஒய் பின் போட்டுப் பிரிப்பார்கள். இரண்டு டிவியிலும் படம் மங்கிவிடும். ஒரு டிவிக்கு 75 ஓம் என்ற கணக்கில் டெக் 1 வோல்ட் தருகிறது. இரண்டு தொங்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறக்குறைய 0.67 வோல்ட்தான். பிரிப்பதற்கென்று கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டு, நீள வயருக்கு ஸ்பீக்கர் வயரை ஒட்டாமல், கேபிள்காரர் போடும் ரகத்து 75 ஓம் வயரைப் பயன்படுத்தினால் போதும்.

சரி, இப்போது நிஜமாகவே பொருளை அழிக்கும் தவறுக்கு வருவோம். பூசணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை எத்தனையோ வருஷம் குடித்த கேசட்டுகள் இவை. கேசட்டின் கண்ணாடி ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். சுருளின் விளிம்பில், ஊறுகாய்ப் பானையில் பூத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பிளேயை அழுத்தாதீர்கள். ஒரு முறை ஓட்டினால் அந்தத் தூள் ஹெட்டில் அப்பும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். ஒரு வீட்டுக் கேசட் அத்தனையும் இப்படி ஒரே மத்தியானத்தில் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு சேறு புகுந்த கேசட்டுகளும் வந்தன. பாதிப் பேர் அவற்றை மொட்டை மாடி வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் கொண்டு வந்தார்கள். டேப் அலை அலையாக வளைந்திருந்தது. சேறு பட்டதைக் காயப் போடாமல், ஓட்டாமல், அப்படியே சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஹெட்டைத் துடைப்பதில் ஆளுக்கொரு வைத்தியம். தையல் மெஷின் எண்ணெய் விட்டவரும் உண்டு. காது குடையும் பஞ்சுக் குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் நூல் ஹெட்டில் சிக்கும், ஹெட்டே பெயர்ந்துவிடும். ஒரு தடத்தின் அகலம் 49 மைக்ரான், தலைமயிரைவிட மெலிது என்று சொல்லலாம். அதைப் படிக்கும் ஹெட் எவ்வளவு நுணுக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நூல் பிரியாத மெல்லிய தோல் துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உருளை மேல் அசையாமல் பிடியுங்கள். மறு கையால் உருளையின் மேற்பக்கத்தைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். கை அசையக் கூடாது, உருளைதான் அசைய வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு பிளக்கைச் செருகிவிட்டு, முதலில் ஓட்ட வேண்டியது கல்யாணக் கேசட் அல்ல. யாரும் கேட்காத ஏதோ ஒரு பழைய கேசட். டெக் டேப்பைக் கடித்தாலும் அழ ஆள் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் படம் சுமார்தான் என்றால் அது எதிர்பார்ப்பின் தவறாக இருக்கலாம். இந்தக் கேசட் தரக்கூடிய குறுக்குத் தெளிவு (இது இடமிருந்து வலம், முன்பு சொன்ன 625 மேலிருந்து கீழ்) சுமார் 240 கோடுதான், நிறத்துக்கு அதிலும் பல மடங்கு குறைவு. கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு ஓரத்தைத் தாண்டி வலப்பக்கம் வழிவது அதனால்தான். 21 அங்குலப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாதது 43 அங்குலத்தில் முகத்தில் அடிக்கும். அதைச் சரிசெய்ய ஷார்ப்னெஸையும் கலரையும் ஏற்றினால் இன்னும் வழியும். ஷார்ப்னெஸை அடியில் வையுங்கள், விவிட் மோடைத் தவிருங்கள், படத்தை 4க்கு 3 அளவில் வையுங்கள். மாப்பிள்ளை பருமனாகத் தெரிவது பாதி நேரம் டிவி இழுத்துக் காட்டுவதால்தான்.

இன்னொரு விஷயம், உங்கள் கையில் இருப்பது அசல்தானா? ஸ்டூடியோக்காரர் கேமரா கேசட்டிலிருந்து எடிட் செய்து, அதிலிருந்து பிரதி போட்டு, பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று கொடுப்பார். ஒவ்வொரு பிரதிக்கும் தெளிவு கொஞ்சம் போகும். நம் வீட்டுக் கேசட் தேய்ந்திருந்தால் சம்பந்தி வீட்டில் கேளுங்கள். மன்னார்குடிக்காரர் அப்படித்தான் அத்தானின் அண்ணன் வீட்டிலிருந்து இன்னொன்று கொண்டு வந்தார். அதை யாரும் இரண்டு முறைக்கு மேல் போட்டதே இல்லையாம். தாலி கட்டும் இடத்தில் அக்கா தலை குனிந்திருந்ததும், பின்னால் ஒரு பையன் அட்சதையைப் போடாமல் வாயில் போட்டுக்கொண்டதும் தெளிவாகத் தெரிந்தது. "அது நான்தான் சார்" என்றார்.