பாலங்களின் தபால்தலைகளும் போஸ்ட் கார்டுகளும்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பாலப் படங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, கண்ணில் பட்ட பாலத்தையெல்லாம் வாங்கிக் குவிப்பதுதான். சில மாதங்களில் டப்பா நிறைந்துவிடும். ஆனால் எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று புரியாது. அதனால் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த விளக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

படி 1: எல்லையை முடிவு செய்யுங்கள்

நாடு வாரியாக அடுக்கலாம், நதி வாரியாக அடுக்கலாம், ஆண்டு வாரியாகவும் அடுக்கலாம். எங்கள் பரிந்துரை வேறு: பாலம் எப்படி நிற்கிறது என்பதை வைத்து அடுக்குங்கள். அப்படி அடுக்கினால் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கப் பார்க்கக் கண் பழகிவிடும். தொடக்கத்துக்கு ஆறு பிரிவு போதும்: விட்டப் பாலம் (தூண்கள் மேல் நேராகக் கிடத்திய உத்தரம்), வளைவுப் பாலம், தொங்கு பாலம், கேபிள் பாலம், கான்டிலீவர் பாலம், திறந்து மூடும் பாலம்.

தொங்கு பாலத்தையும் கேபிள் பாலத்தையும்தான் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு வடம் மாலைபோலத் தொய்ந்து போய், அதிலிருந்து கம்பிகள் செங்குத்தாக இறங்கினால் அது தொங்கு பாலம். கோபுரத்திலிருந்து கம்பிகள் நேர்க்கோடாகச் சாய்ந்து சாலைத் தளத்தையே பிடித்திருந்தால் அது கேபிள் பாலம். பிரான்ஸின் மியோ பாலம் இந்த இரண்டாவது வகை; 2004இல் அது திறக்கப்பட்டபோதே தபால்தலையும் வந்துவிட்டது. 1883இல் திறந்த நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் தொய்ந்த வடமும் உண்டு, சாய்ந்த கம்பிகளும் உண்டு. அதைத் தொங்கு பாலங்களோடு வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

கான்டிலீவரை நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரே ஒரு தபால்தலை போதும்: கனடா 1929இல் வெளியிட்ட 12 சென்ட், சாம்பல் நிறம், கியூபெக் பாலம். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், இரு பக்கத் தூண்களிலிருந்தும் இரும்புச் சட்டங்கள் கை நீட்டுவதுபோல் நதிக்கு மேல் நீள்வதும், நடுத் துண்டு அந்தக் கைகளுக்கு இடையே அமர்ந்திருப்பதும் தெரியும். 1907இல் கட்டும்போதே இந்தப் பாலம் இடிந்து 75 பேர் இறந்தார்கள். 1916இல் நடுத் துண்டைத் தூக்கும்போது அது நதியில் விழுந்து மேலும் 13 பேர் இறந்தார்கள். 1917இல்தான் பணி முடிந்தது. 549 மீட்டர் நீளும் அதன் நடு இடைவெளியை இன்றுவரை வேறு எந்தக் கான்டிலீவர் பாலமும் தாண்டவில்லை. இவ்வளவும் ஒரு விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய காகிதத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாலம் பின்னணியில் சிறிதாகத் தெரிகிற படங்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? பிரான்ஸின் போன் து கார் போன்ற நீர்வழிப் பாலங்கள் கணக்கில் வருமா? எந்தப் பதிலும் சரிதான். பாதி வழியில் மாற்றாமல் இருந்தால் போதும்.

படி 2: கருவிகள்

அகன்ற நுனியுள்ள தபால்தலை இடுக்கி ஒன்று (புருவம் திருத்தும் இடுக்கி கூடாது, அதன் பற்கள் காகிதத்தைக் கடித்துவிடும்). பத்து மடங்கு பூதக்கண்ணாடி. துளைமானி (தபால்தலை ஓரத்துத் துளைகளை அளப்பது). 16 பக்கக் கறுப்புத் தாள் ஸ்டாக் புக் ஒன்று (தபால்தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும் ஏடு). போஸ்ட் கார்டுக்கு பாலிப்ரோப்பிலீன் உறைகள் 50. மென்மையான பென்சில். இதற்கு மேல் எதுவும் இப்போது வேண்டாம்.

படி 3: முதல் தபால்தலைகள்

குறைந்த செலவில் அகலமாகத் தொடங்க ஒரு குறுக்குவழி உண்டு. ஐரோப்பிய அஞ்சல் துறைகள் ஆண்டுதோறும் ஒரே கருப்பொருளில் ‘யூரோப்பா’ தபால்தலைகளை வெளியிடுகின்றன. 2018இன் கருப்பொருள் பாலங்கள். அந்த ஆண்டுத் தபால்தலைகளைத் தேடினால் பத்துப் பதினைந்து நாடுகளின் பாலங்கள் எளிதாகச் சேர்ந்துவிடும். யூரோப்பா சின்னம் அச்சாகியிருப்பதால் அடையாளம் காண்பதும் சுலபம்.

அடுத்து, பிரிட்டன் 1968இல் வெளியிட்ட நான்கு தபால்தலைகள். டார் ஸ்டெப்ஸ் கற்பலகைப் பாலம், அபர்ஃபெல்டி கல் வளைவு, மெனாய் தொங்கு பாலம், எம்4 நெடுஞ்சாலையின் உயர்பாலம். நான்கே தலைகளில் நான்கு கட்டுமான முறைகள் வந்துவிடும். இவற்றை முதல் பக்கத்தில் வைத்தால் மற்றவற்றை எங்கே வைப்பது என்பது தானே விளங்கும்.

மூன்றாவதாக, 1932 சிட்னி துறைமுகப் பாலம். மார்ச் 19இல் பாலம் திறந்தது, தபால்தலைகள் மார்ச் 14இலேயே வந்துவிட்டன. 2 பென்னி சிவப்பு, 3 பென்னி நீலம், 5 ஷில்லிங் பச்சை. 2 பென்னியில் இரண்டு விதம் உண்டு. செதுக்குத் தகட்டில் அச்சிட்டதில் நீர்க்குறி (காகிதத்துக்குள்ளேயே பதிந்த மங்கலான அடையாளம்) இருக்காது, துளை அளவு 11. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மை மேடாகத் தெரியும். இன்னொன்று மேற்பரப்பு அச்சு, நீர்க்குறி உண்டு, துளை அளவு 10½. துளைமானி எதற்கு என்பது இங்கே புரியும்: 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை என்று அது காட்டுகிறது. 5 ஷில்லிங் பச்சையைப் புதியவர்கள் சான்றிதழ் இல்லாமல் வாங்கவே கூடாது. விலை அதிகம் என்பதால் போலிகளும் உலவுகின்றன.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கும். அமெரிக்காவின் 1923ஆம் ஆண்டு 20 சென்ட் தபால்தலையில் ‘கோல்டன் கேட்’ என்று எழுதியிருக்கும், ஆனால் பாலம் இருக்காது. அது கடல் நீரிணையின் பெயர். பாலம் கட்டத் தொடங்கியதே 1933இல், திறந்தது 1937இல். இணையத்தில் வாங்கும்போது தலைப்பை மட்டும் நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அஞ்சல் துறையே இல்லாத இடங்களின் பெயரில் அச்சிட்ட அழகான தாள்களும் விற்பனைக்கு வரும். 2002க்குப் பிந்தையதாக இருந்தால், உலக அஞ்சல் ஒன்றியத்தின் டபிள்யூஎன்எஸ் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா நாடுகளும் எல்லாவற்றையும் அதில் பதிவதில்லை. எனவே அங்கே இல்லையென்றால் ஸ்காட், மிஷெல், ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியல்களில் ஒன்றைப் பாருங்கள். எதிலுமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

படி 4: போஸ்ட் கார்டுகள்

பழைய கார்டை வாங்கும்போது முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இல்லாமல், முகவரிக்கு மட்டும் இடம் இருந்தால் அது மிகப் பழையது. பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும்தான் பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தன. அதற்கு முந்தைய கார்டுகளில் செய்தியைப் படத்தின் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அதைக் குறையென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். புள்ளிகளாகச் சிதறினால் அச்சிட்டது. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் வழுவழுவென்று ஓடினால் அது உண்மையான புகைப்படக் கார்டு. கட்டுமானத்தில் இருக்கும் பாலங்கள், வெள்ளத்தில் சிதைந்த பாலங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் கிடைக்கும், ஏனென்றால் அந்த ஊர்ப் புகைப்படக்காரர் எடுத்துச் சில பிரதிகள் மட்டும் போட்டிருப்பார்.

பாலத்தின் வாழ்நாளும் கார்டின் மதிப்பைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலம் 1940 ஜூலை 1இல் திறந்து நவம்பர் 7இல் காற்றில் முறுக்கி விழுந்தது. அந்த நான்கு மாதத்துக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த கார்டு என்றால் தனிச் சிறப்பு. போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்துப் பழைய பாலம் 1993இல் தகர்க்கப்பட்டு 2004இல் திரும்பக் கட்டப்பட்டது. இரண்டு காலத்துக் கார்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

படத்தின் கீழே அச்சிட்ட பெயரை அப்படியே நம்ப வேண்டாம். லண்டனின் இரட்டைக் கோபுர டவர் பாலத்தை லண்டன் பாலம் என்று குறிப்பவர்கள் ஏராளம்.

புதிய கார்டுகளுக்கு போஸ்ட்கிராஸிங் இணையதளம் நல்ல வழி. 2005இல் போர்ச்சுகலில் தொடங்கியது. பதிவு செய்து முகவரி கேட்டால், முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் ஒரு எண்ணும் வரும். அந்த எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் பதிவு செய்ததும், வேறொரு நாட்டிலிருந்து யாரோ உங்களுக்கு அனுப்புவார். தொடக்கத்தில் ஒரே நேரத்தில் ஐந்து முகவரி வரைதான் எடுக்க முடியும். எண்ணைக் கார்டில் இரண்டு இடத்தில் எழுதுங்கள், ஒன்றின் மேல் முத்திரை விழுந்து அழிந்தாலும் மற்றது பிழைக்கும். உங்கள் அறிமுகப் பக்கத்தில் ‘பாலங்கள் பிடிக்கும்’ என்று ஒரு வரி போதும். அதையே கட்டாயமாக்கிக் கேட்பது அந்த ஏற்பாட்டுக்கே பொருந்தாது.

படி 5: உறையிலிருந்து தபால்தலையைப் பிரிப்பது

எதைப் பிரிக்கக் கூடாது என்பது முதலில். பழைய உறை, முதல் நாள் உறை (தபால்தலை வெளியான நாளின் முத்திரை விழுந்தது), ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த முத்திரை, போஸ்ட் கார்டில் ஒட்டிய தபால்தலை: இவற்றில் கை வைக்காதீர்கள். பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது.

மற்றவற்றுக்கு, தலையைச் சுற்றி 1 செ.மீ. விட்டு உறையை வெட்டுங்கள். அகன்ற தட்டில் 3 செ.மீ. ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பத்துத் தலைகளுக்கு மேல் போகாமல், படம் மேலே தெரியும்படி மிதக்க விடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் தலை தானே வழுக்கிக் கழன்றுவிடும். கழலாவிட்டால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். இழுத்தால் பின்பக்கக் காகிதம் உரிந்து மெலிந்துபோகும். முன்பக்கம் நன்றாகத் தெரிந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும், மதிப்பும் போய்விடும்.

கழன்ற தலையை வேறு சுத்தமான நீரில் அலசுங்கள். பின்பக்கம் விரலில் வழவழத்தால் பசை இன்னும் இருக்கிறது. பிறகு மையொற்றுத் தாளில் படம் கீழ்நோக்கி அரை மணி நேரம் வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களை மேலே ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை ஒட்டும்.

சிவப்பு, ஊதா உறைகளைத் தனித் தட்டில், குளிர்ந்த நீரில் போடுங்கள். சாயம் இறங்கத் தொடங்கினால் உடனே நீரை மாற்றுங்கள். தானே ஒட்டும் வகைப் புதிய தபால்தலைகளில் பல நீரில் கழலவே கழலாது. அவற்றை 5 மி.மீ. ஓரத்தோடு அழகாக வெட்டி, காகிதத்தோடேயே வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

படி 6: மேக்ஸிமம் கார்டு

தபால்தலையும் போஸ்ட் கார்டும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான். பாலத்தின் படமுள்ள கார்டில், படப் பக்கத்திலேயே, அதே பாலத்தின் தபால்தலையை ஒட்டி, அந்தப் பாலத்தோடு தொடர்புள்ள ஊரின் முத்திரையைப் பெறுவது. பொருள், இடம், காலம் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே ஒரு தபால்தலைதான் ஒட்டலாம். கார்டின் பரப்பில் குறைந்தது 75 சதவீதம் படமாக இருக்க வேண்டும். தபால்தலைப் படத்தையே பெரிதாக்கி அச்சிட்ட கார்டு செல்லாது.

ஒரு எடுத்துக்காட்டு. ஃபோர்த் சாலைப் பாலம் 1964 செப்டம்பர் 4இல் திறந்தது, அன்றே பிரிட்டன் இரண்டு தபால்தலைகளை வெளியிட்டது. 3 பென்னியில் சாலைப் பாலம் மட்டும். 6 பென்னியில் சாலைப் பாலமும் 1890இல் திறந்த ரயில் பாலமும் சேர்ந்து இருக்கும். ஆகவே 6 பென்னிக்கு இரண்டு பாலமும் தெரிகிற கார்டுதான் பொருந்தும். ரயில் பாலம் மட்டும் உள்ள கார்டை 3 பென்னியோடு சேர்த்தால் அது பிழை. முத்திரை, பாலத்தின் தென்கரையில் உள்ள சவுத் குயின்ஸ்ஃபெரி ஊருடையதாக இருந்தால் சிறப்பு. லண்டன் முத்திரைக்கு இங்கே வேலையில்லை.

நீங்களே செய்ய விரும்பினால், தபால்தலை வெளியாவதற்கு முன்பே கடைக்கு வந்த கார்டைத் தேடி வாங்குங்கள். பளபளப்புப் பூச்சுள்ள கார்டில் முத்திரை மை காயாமல் இழுபடும். பூச்சில்லாத கார்டே நல்லது. முத்திரை விழுந்ததும் பத்து நிமிடம் திறந்தே வையுங்கள், உடனே உறைக்குள் போடாதீர்கள்.

படி 7: பாதுகாப்பு

தொட்டால் ஒட்டுகிற, பிளாஸ்டிக் வாசனை வீசுகிற பிவிசி உறைகள்தான் முதல் எதிரி. அவற்றில் உள்ள மென்மையாக்கி கசிந்து மையைக் கரைக்கும். இரண்டாவது எதிரி ஈரம்: காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும், வந்தால் போகாது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஸ்டாக் புக்கைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால், பசையுள்ள தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். எனவே நிற்க வையுங்கள். பயன்படுத்தாத, பசை கெடாத தலைகளில் ஹிஞ்ச் (தலையை ஏட்டில் ஒட்டப் பயன்படும் சிறு பசைத்தாள்) ஒட்டக் கூடாது.

படி 8: பதிவு

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பாலத்தின் பெயர், வகை, கடக்கும் நீர்நிலை, திறந்த ஆண்டு, வெளியிட்ட நாடும் ஆண்டும், பட்டியல் எண், எங்கே கிடைத்தது, என்ன குறை. தபால்தலையை 600 டிபிஐயிலும் கார்டின் இரண்டு பக்கத்தையும் 300 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யுங்கள். பெயர் தெரியாத பாலம் வந்தால் அந்த வரியைக் காலியாக விடுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். தூண்களின் எண்ணிக்கை, கோபுரத்தின் வடிவம், கரையில் தெரியும் கட்டடம் மூன்றையும் குறித்து வையுங்கள். இன்னொரு கார்டில் அதே கட்டடம் பெயரோடு கிடைக்கும்போது அந்த வரியை நிரப்பிக்கொள்ளலாம்.